நானூறு பேருக்குப் போன மின்னஞ்சல்: ஈக்விஃபாக்ஸில் ஒரு பேட்ச் தவறிய கதை

2017 அக்டோபர் 3 அன்று ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைமை நிர்வாகி ரிச்சர்ட் ஸ்மித் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். 14 கோடிக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் பெயர், பிறந்த தேதி, முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் திருட்டுப் போனது எப்படி என்பதற்கு அவர் தந்த விளக்கம் ரொம்பச் சின்னது. பேட்ச் போட வேண்டும், அதாவது மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை ஏற்ற வேண்டும் என்ற தகவலை உரிய இடத்தில் சேர்க்க வேண்டிய ஒருவர் சேர்க்கவில்லை. பிறகு ஓட்டிய ஸ்கேன் அந்த ஓட்டையைக் காட்டவில்லை. ஆள் செய்த தவறு ஒன்று, கருவி செய்த தவறு ஒன்று. இந்தச் சாட்சியத்துக்கு முந்தைய நாள்தான், ஒரு மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்யவில்லை என்று சொல்லி மூத்த அதிகாரி ஒருவரை நிறுவனம் வேலையை விட்டு அனுப்பியிருந்தது.

ஸ்மித் சொன்னது பொய் இல்லை. ஆனால் சர்வர்களைப் பராமரித்துப் பழகிய எவருக்கும் அடுத்த கேள்வி உடனே வரும். ஒருவர் ஒரு மின்னஞ்சலை ஃபார்வர்ட் செய்ய மறந்தாலே சரிந்துவிடும் ஏற்பாட்டை இத்தனை பெரிய நிறுவனம் எப்படி நம்பி வைத்திருந்தது? 2018 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தணிக்கை அலுவலகமும், அதே ஆண்டு டிசம்பரில் பிரதிநிதிகள் சபைக் குழுவும், 2019 மார்ச்சில் செனட் துணைக்குழுவும் தனித்தனியாக அறிக்கை வெளியிட்டன. ஒரு பேட்ச் தவறியதை இவ்வளவு விலாவாரியாக வெளியார் ஆராய்ந்து பொதுவில் வைத்த சம்பவங்கள் அபூர்வம். பேட்ச் வேலை பார்க்கிறவர்கள் இந்த அறிக்கைகளை நேரடியாகவே படித்துவிடலாம். செய்திகளில் வந்ததைவிட உள்ளே இருப்பது நமக்குப் பயன்படும்.

முதலில் நிறுவனம். ஈக்விஃபாக்ஸ் 1899-ல் தொடங்கியது, தலைமையகம் அட்லாண்டா. இந்தியாவில் சிபில் செய்கிற, மக்களின் கடன் விவரங்களைச் சேர்த்து வைக்கும் வேலையை அமெரிக்காவில் செய்யும் மூன்று பெரிய நிறுவனங்களில் இதுவும் ஒன்று. மற்ற இரண்டும் எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன். தன் கடன் விவரத்தில் தவறு இருக்கிறது என்று நினைக்கும் ஒருவர் ஆட்சேபம் பதிவு செய்ய ஈக்விஃபாக்ஸில் ஒரு இணையவழி வாசல் இருந்தது. அதன் பின்னால் ஓடிய அமைப்புக்கு ஏசிஐஎஸ் என்று பெயர். 1970-களில் நிறுவனமே தனக்காக எழுதிக்கொண்ட அமைப்பு அது, பழைய சன் சோலாரிஸ் சர்வர்களில் ஓடிக்கொண்டிருந்தது. பல பத்தாண்டுகள் ஒட்டுப்போட்டு வளர்த்த இந்த அமைப்பின் இணைய முகப்பில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற திறந்தமூல ஜாவா கட்டமைப்பு இருந்தது.

2017 மார்ச் 7 அன்று அப்பாச்சி அமைப்பு ஸ்ட்ரட்ஸில் ஒரு ஓட்டையை அறிவித்தது. ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2017-5638. கோப்பு பதிவேற்றத்தைக் கையாளும் பகுதி, வரும் வேண்டுகோளின் உள்ளடக்க வகைத் தலைப்பில் தவறு இருந்தால் பிழைச் செய்தி தயாரிக்கும்போது அந்தத் தலைப்பில் இருப்பதையே ஒரு கட்டளையாக இயக்கிவிடும். பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் தேவையில்லை. சரியாக எழுதிய ஒற்றை வேண்டுகோள் போதும். திருத்திய பதிப்புகள் 2.3.32, 2.5.10.1 இரண்டும் அறிவிப்போடேயே தயாராக இருந்தன. ஆக, பேட்ச் வராததால் வந்த வினை இது என்று யாரும் சொல்ல முடியாது.

அடுத்த நாளே அமெரிக்க அரசின் கணினி அவசரகால அணி எச்சரிக்கை அனுப்பியது. மார்ச் 9 அன்று ஈக்விஃபாக்ஸின் பாதுகாப்புக் குழு அதை நானூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு அனுப்பி, ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள் 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போட வேண்டும் என்று சொன்னது. மார்ச் 10-லேயே யாரோ ஒருவர் அந்த வாசலில் நுழைந்து, எந்தப் பயனராக ஓடுகிறோம் என்று பார்க்கும் ஹூஅமை கட்டளையை இயக்கிப் பார்த்ததற்கான தடயம் பின்னால் விசாரணையில் கிடைத்தது. மார்ச் 15-ல் ஸ்கேன் ஓட்டினார்கள், எதுவும் சிக்கவில்லை. மார்ச் 16-ல் மாதாந்தரக் கூட்டத்தில் இந்த ஓட்டையைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் விஷயம் அமுங்கிப்போனது.

அந்த மின்னஞ்சலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். "ஸ்ட்ரட்ஸ் வைத்திருப்பவர்கள்" என்றால் யார்? அது தெரியாததால்தான் நானூறு பேருக்கு அனுப்பினார்கள். தெரிந்திருந்தால் நான்கு பேருக்கு நான்கு டிக்கெட் (பெயர் குறித்த வேலைச் சீட்டு) போட்டு முடித்திருக்கலாம். தணிக்கை அலுவலகம் அந்தப் பெறுநர் பட்டியலே பழசாகிப்போனது என்றும், பேட்ச் போட வேண்டியவர்களுக்கு அறிவிப்பு போய்ச் சேரவில்லை என்றும் எழுதியது. செனட் அறிக்கை இன்னும் நெருங்கிப் போகிறது. அந்தச் செயலியில் ஸ்ட்ரட்ஸ் இருப்பது தெரிந்த டெவலப்பர் பட்டியலில் இல்லை. அவருடைய மேலாளர் பட்டியலில் இருந்தார், மின்னஞ்சல் அவருக்கு வந்தது, அவர் அதைத் தன் குழுவுக்கு அனுப்பவில்லை.

என் அனுபவத்தில் நானூறு பேருக்குப் போகும் மின்னஞ்சலைப் பெறுபவர் ஒவ்வொருவரும் "இது நமக்கில்லை" என்று நினைத்துத்தான் அடுத்த மின்னஞ்சலுக்குப் போவார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெரிய நிறுவனங்களில் பாதுகாப்புக் குழுவிடமிருந்து வாரத்துக்குப் பல எச்சரிக்கைகள் வரும், அவற்றில் முக்கால்வாசி தங்கள் சர்வருக்குச் சம்பந்தமே இல்லாதவை. இதில் எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறொன்று. பதில் எதுவும் கட்டாயமில்லை. "எங்களிடம் இருக்கிறது, போட்டுவிட்டோம்" அல்லது "எங்களிடம் இல்லை, தேடிப் பார்த்தோம்" என்று ஒவ்வொரு செயலியின் பொறுப்பாளரும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்ற விதி இருந்திருந்தால், 48 மணி நேரம் முடிந்ததும் பதில் வராத பெயர்களைத் துரத்தியிருக்கலாம். மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும் பேட்ச் முறையில் இந்தத் துரத்தலுக்கு இடமே இல்லை.

ஸ்கேன் விஷயத்தில் வேடிக்கை இன்னும் அதிகம். ஸ்கேனரை மேல் மட்டக் கோப்புறையில் மட்டும் ஓட்டியிருக்கிறார்கள். ஸ்ட்ரட்ஸ் இருந்ததோ அதற்குக் கீழுள்ள துணைக் கோப்புறையில். கருவி தான் பார்த்த இடத்தில் எதுவும் இல்லை என்று உண்மையைத்தான் சொன்னது. அதை "நம்மிடம் எதுவும் இல்லை" என்று வாசித்தார்கள். ஸ்கேனர் பச்சை காட்டினால் அது எதைப் பார்த்துவிட்டுப் பச்சை காட்டுகிறது என்று கேட்கும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. எளிய பரிசோதனை ஒன்று உண்டு. பழைய ஸ்ட்ரட்ஸ் ஜார் (ஜாவா நூலகக் கோப்பு) ஒன்றைச் சோதனைச் சர்வர் ஒன்றில், நிஜச் செயலியில் எந்த ஆழத்தில் இருக்குமோ அந்த ஆழத்தில் வேண்டுமென்றே வைத்துவிட்டு ஸ்கேன் ஓட்டுங்கள். அதைக் கண்டுபிடிக்காத ஸ்கேனர் மற்ற இடங்களில் காட்டும் பச்சைக்கு மதிப்பில்லை.

சரி, ஸ்ட்ரட்ஸ் மாதிரி இயங்குதளத்தோடு வராமல் வேறொருவர் எழுதித் தரும் மூன்றாம் தரப்பு மென்பொருள் ஏன் இவ்வளவு வழுக்குகிறது? விண்டோஸை எடுத்துக்கொண்டால், 2003-லிருந்து மைக்ரோசாஃப்ட் மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பேட்ச் வெளியிடுகிறது. அதைக் கணினிகளுக்குப் பரப்பும் டபிள்யூஎஸ்யூஎஸ், எஸ்சிசிஎம் எதுவானாலும் அந்த ஒழுங்கின்மேல் கட்டியவை. கணினிகளை ஒழுங்காகப் பராமரிக்கும் எந்த நிறுவனமும் இந்தப் பாதியை ஒருவாறு சமாளித்துவிடும். மற்றப் பாதிக்குத் தேதியும் கிடையாது, பொது வடிவமும் கிடையாது. குரோம் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அட்மின் உரிமை இல்லாத பயனர் தன் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொண்ட குரோம் எல்லாக் கருவிகளின் கண்ணிலும் படாது. செவன்-ஜிப்புக்குத் தானாகப் புதுப்பிக்கும் வசதியே இல்லை. வின்ரார் கதையும் அதே. அதன் சிவிஇ-2023-38831 ஓட்டையைத் தாக்குபவர்கள் 2023 ஏப்ரலிலிருந்தே பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள்; ஆகஸ்டில் 6.23 பதிப்பு வந்தது. பயனர் தானே போய்ப் பதிவிறக்காதவரை, அல்லது அட்மின் பொதிகட்டித் தள்ளாதவரை, பழைய பதிப்பு அப்படியே கிடக்கும்.

இவையாவது நிறுவிய நிரல்களின் பட்டியலில் பெயரோடு தெரியும். ஸ்ட்ரட்ஸ் மாதிரியானவை அதிலும் வராது. அது ஜாவா செயலியைப் பொதிந்த ஒரு வார் கோப்பின் உள்ளே, லிப் கோப்புறையில், ஜார் கோப்பாக உட்கார்ந்திருக்கும். இயங்குதளத்தின் பொதி மேலாளருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதற்கு "பேட்ச் போடுவது" என்றால் டெவலப்பர் புதிய நூலகத்தைச் சேர்த்து, மறுபடி கட்டி, சோதித்து, ப்ரொடக்ஷனில் ஏற்ற வேண்டும். சர்வர் அட்மின் பொத்தானை அமுக்கி முடிக்கிற வேலை இல்லை. அதனால்தான் அட்மின் இதை டெவலப்பர் வேலை என்கிறார், டெவலப்பர் இதைப் பாதுகாப்புக் குழுவின் வேலை என்கிறார், பாதுகாப்புக் குழு மின்னஞ்சல் அனுப்பிவிட்டோம் என்கிறது. ஈக்விஃபாக்ஸில் பாதுகாப்புத் தலைவர் தொழில்நுட்பத் தலைவரின் கீழ் இல்லை; சட்டப் பிரிவுத் தலைவருக்குக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். விதி எழுதியவர்கள் ஒரு கிளையில், பேட்ச் போட வேண்டியவர்கள் இன்னொரு கிளையில். இரண்டுக்கும் நடுவே பொறுப்பு யாருடையது என்று தெளிவில்லாமல் போனதைப் பிரதிநிதிகள் சபை அறிக்கை முக்கியக் காரணங்களில் ஒன்றாக எழுதுகிறது.

இது திடீரென்று முளைத்ததும் இல்லை. 2015-ல் நிறுவனமே தன் பேட்ச் முறையைத் தணிக்கை செய்தது. 8,500-க்கும் மேற்பட்ட ஓட்டைகள் 90 நாளுக்கு மேலாக அடைக்கப்படாமல் கிடந்தன. முழுமையான கணினிச் சொத்துப் பட்டியல் இல்லை. பேட்ச் போட்டதாகப் பொறுப்பாளர் சொன்னால் அதையே நம்பிக்கொள்ளும் முறைதான் நடைமுறையில் இருந்தது. எது முக்கியமான சர்வர், எது சாதாரணச் சர்வர் என்று தரம் பிரிக்கவும் இல்லை. இதெல்லாம் அவர்கள் கைப்படவே எழுதிக்கொண்டது. அதன்பிறகு, திருட்டு நடக்கும்வரை, மறுதணிக்கை நடக்கவில்லை. மாதாந்தரக் கூட்டங்களுக்கு மூத்த மேலாளர்கள் வழக்கமாக வருவதும் இல்லை என்கிறது செனட் அறிக்கை. 2017 மார்ச்சில் ஃபார்வர்ட் ஆகாத அந்த ஒரு மின்னஞ்சலை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், வேலை போன அதிகாரியின் பங்கு எவ்வளவு சின்னது என்று புரியும். அவரும் அந்த நானூறில் ஒருவர், அவ்வளவுதான்.

மே 13 முதல் ஜூலை 30 வரை, சுமார் இரண்டரை மாதம், தாக்கியவர்கள் உள்ளே இருந்தார்கள். ஏசிஐஎஸ் சர்வரில் சுமார் 30 வெப் ஷெல்களை (தொலைவிலிருந்து கட்டளை இயக்க உதவும் சிறு நிரல்களை) வைத்தார்கள். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் மறையாக்கம் இல்லாமல் இருந்த ஒரு கோப்பு கிடைத்தது. அதைக் கொண்டு ஏசிஐஎஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத 48 தரவுத்தளங்களுக்குள் போனார்கள். ஏறத்தாழ 9,000 வினவல்கள் ஓட்டி, 265 முறை தனிநபர் விவரங்களை எடுத்தார்கள். ஸ்ட்ரட்ஸ் பேட்ச் தவறியதால் வாசல் திறந்தது, நெட்வொர்க்கைப் பிரித்து வைக்காததால் வீடு முழுவதும் திறந்தது. பேட்ச் தாமதமாகும் என்பது எப்போதும் நடக்கக்கூடியதுதான். ஒரு சர்வர் போனால் அதோடு நிற்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு வேறு வேலை. அதையும் செய்யவில்லை.

கண்டுபிடித்த விதம்தான் எனக்கு மிகவும் உறுத்துவது. அந்த வாசலின் மறையாக்கப் போக்குவரத்தைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி இருந்தது. அதற்கான டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, கருவி 19 மாதங்களாகக் குருடாகக் கிடந்தது என்கிறது பிரதிநிதிகள் சபை அறிக்கை. நிறுவனம் முழுவதும் குறைந்தது 324 சான்றிதழ்கள் அப்படிக் காலாவதியாகிக் கிடந்தன. ஜூலை 29 அன்று புதிய சான்றிதழைப் போட்டார்கள். போட்ட உடனேயே சந்தேகத்துக்குரிய போக்குவரத்து கண்ணில் பட்டது. மறுநாள் வாசலை மூடினார்கள். சான்றிதழும் பேட்ச் மாதிரியே ஒரு பராமரிப்பு வேலை. எங்கே எது இருக்கிறது, யாருடையது, எப்போது காலாவதி என்ற பட்டியல் இல்லாத இடத்தில் இரண்டும் சேர்ந்தே தவறும்.

இதே எச்சரிக்கை எக்ஸ்பீரியனுக்கும் டிரான்ஸ்யூனியனுக்கும் போயிருந்தது. அவர்கள் என்ன வேறுபாடாகச் செய்தார்கள் என்று செனட் குழு விசாரித்தது. சொத்துப் பட்டியல் வைத்திருந்தார்கள், ஸ்கேனை அடிக்கடி ஓட்டினார்கள், பேட்ச் உண்மையிலேயே ஏறியதா என்று சரிபார்க்கும் மென்பொருள் வைத்திருந்தார்கள். சலிப்பூட்டும் பதில்தான், ஆனால் ஒரே துறை, ஒரே எச்சரிக்கை, ஒரே வாரம் என்று இப்படி ஒப்பிட்டுப் பார்க்க வாய்ப்பு அடிக்கடி அமையாது.

இங்கே பேட்ச் குழுவினர் வழக்கமாகச் சொல்லும் மறுப்பையும் பேசியாக வேண்டும்: வேகமாகப் போட்டால் உடையும். உடையும்தான். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு உள்ளடக்கக் கோப்பில் இருந்த பிழையால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. விமான நிலையங்களில் கையால் போர்டிங் பாஸ் எழுதிக் கொடுத்தார்கள். கணினியில் ஓடும் அதன் நிரலான சென்சாரின் பதிப்பைப் படிப்படியாக ஏற்ற வாடிக்கையாளர்கள் அமைத்திருந்த ஏற்பாட்டுக்குள் அந்தக் கோப்பு வரவேயில்லை. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் போனது. ஆகவே முதலில் அட்மின்களின் சொந்தக் கணினிகள், பிறகு ஒவ்வொரு துறையிலும் சில, அப்புறம் மீதி என்று ஏற்றுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் ஈக்விஃபாக்ஸில் நடந்ததற்கு இந்த வாதம் பொருந்தாது. அங்கே யாரும் பேட்ச்சைச் சோதித்து, உடைகிறது என்று நிறுத்தி வைக்கவில்லை. போட வேண்டிய சர்வர் எது என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. சோதனைக்காகத் தாமதிக்க விரும்புபவர், எந்தச் சர்வர், எத்தனை நாள், யார் கையெழுத்து, அதுவரை முன்னால் என்ன தடுப்பு என்று எழுதி வைத்துவிட்டுத் தாமதிக்கட்டும். அது நியாயமான விலக்கு.

பேட்ச் கருவி வாங்கிவிட்டால் முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். சென்னையிலிருந்து இயங்கும் மேனேஜ்எஞ்சின் உட்படப் பல நிறுவனங்களின் கருவிகள் இன்று ஏராளமான மூன்றாம் தரப்பு மென்பொருள்களுக்கு ஆயத்தப் பொதிகள் தருகின்றன. உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் எல்லாக் கணினிகளிலும் உயர்ந்த உரிமையோடு உட்கார்ந்திருக்கும் அந்தக் கருவியும் ஒரு மூன்றாம் தரப்பு மென்பொருள்தான். மேனேஜ்எஞ்சினின் டெஸ்க்டாப் சென்ட்ரலிலேயே 2021 டிசம்பரில் சிவிஇ-2021-44515 என்ற ஓட்டை வெளிவந்தது, தாக்குபவர்கள் அதைப் பயன்படுத்தவும் செய்தார்கள். அதற்கு முன் ஜூலையில் கசேயாவின் நிர்வாகக் கருவி வழியாகவே கப்பம் கேட்கும் நிரல் நூற்றுக்கணக்கான நிறுவனங்களுக்குப் பரவியது. பேட்ச் சர்வருக்கு யார் பேட்ச் போடுகிறார் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், பதில் வரச் சற்று நேரம் ஆகும்.

ஈக்விஃபாக்ஸுக்கு நான்கு ஆண்டு கழித்து, 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வந்தது. மறுபடியும் ஒரு ஜாவா நூலகம், மறுபடியும் வேறு பொருட்களின் உள்ளே ஒளிந்திருந்தது. திருத்திய பதிப்பு 2.15.0 வந்தது, அது போதவில்லை என்று 2.16.0, அப்புறம் 2.17.0, 2.17.1. ஒரே மாதத்தில் அதே வேலையை நான்கு முறை. அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்று இதற்காக 33,000 மணி நேரம் செலவிட்டதாக 2022-ல் அரசின் சைபர் பாதுகாப்பு மறுஆய்வு வாரியம் எழுதியது. அந்த நேரத்தில் கணிசமான பகுதி பேட்ச் போட ஆகியிருக்காது, "இது நம்மிடம் எங்கே இருக்கிறது" என்று தேடவே ஆகியிருக்கும் என்பது என் ஊகம். எந்தச் செயலியில் எந்த நூலகம், எந்தப் பதிப்பு என்று எழுதும் மென்பொருள் உட்பொருள் பட்டியல்களை விற்பனையாளரிடம் கேட்டு வாங்கும் வழக்கம் இதற்குப் பிறகுதான் சூடுபிடித்தது.

ஈக்விஃபாக்ஸ் வழக்கின் மீதிக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2017 செப்டம்பர் 7 அன்று நிறுவனம் 14.3 கோடிப் பேர் என்று அறிவித்தது, பிறகு அது 14.7 கோடிக்கு மேல் போனது. அந்த மாதமே தொழில்நுட்பத் தலைவர், பாதுகாப்புத் தலைவர், தலைமை நிர்வாகி மூவரும் வெளியேறினார்கள். 2020 பிப்ரவரியில் சீன ராணுவத்தைச் சேர்ந்த நால்வர்மேல் அமெரிக்க நீதித்துறை குற்றம் சுமத்தியது. ஏறத்தாழ 20 நாடுகளில் இருந்த 34 சர்வர்கள் வழியாகச் சுற்றி வந்து திருடினார்கள் என்பது குற்றப்பத்திரிகை.

2019 ஜூலையில் கூட்டாட்சி வர்த்தக ஆணையத்தோடும் மாநிலங்களோடும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி நிறுவனம் குறைந்தது 57.5 கோடி டாலர், தேவைப்பட்டால் 70 கோடி டாலர் வரை கட்ட ஒப்புக்கொண்டது. ஆணையத்தின் புகார் ஸ்மித் சொன்னதுபோல ஒரு தனிநபரைக் குறிவைக்கவில்லை. 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடச் சொல்லி உத்தரவிட்ட பிறகு, அது நிறைவேறியதா என்று நிறுவனம் பின்தொடரவில்லை என்பதுதான் அதன் குற்றச்சாட்டு. உடன்பாட்டில் இருந்த நிபந்தனைகளில் ஒன்று, பாதுகாப்புத் திட்டம் சரியாக நடக்கிறது என்று ஆண்டுதோறும் இயக்குநர் குழுவோ அதன் துணைக்குழுவோ சான்று தர வேண்டும் என்பது. நானூறு பேரின் இன்பாக்ஸில் கிடந்த பொறுப்பு அதன்பிறகு இயக்குநர்களின் மேசைக்குப் போனது.